ஐந்தாவது கையெழுத்து

ஜோரியின் வாசிப்பு ஏட்டில் செப்டம்பர் நீல மை.
உருண்டையான எழுத்து, மிஸ் பென்ஹேல்.
நவம்பரில் பச்சை. பெயர் போடாத ஏஜென்சிக்காரர் ஒருவர்.
டிசம்பர் மிஸ்டர் அடெயெமி, பென்சில்,
எப்போது வேண்டுமானாலும் அழித்துவிடலாம் என்பதுபோல.
ஜனவரியிலிருந்து பழுப்பு மை, மிஸ் ரட்ஜ்.

நாலு பேரும் முதல் வாரத்தில் எழுதியது ஒன்றேதான்:
‘பி’யையும் ‘டி’யையும் திருப்பிப் போடுகிறான், கவனிக்க வேண்டும்.

என் மகனை நாலு முறை கண்டுபிடித்தாயிற்று.
யாரும் குடியேறவில்லை.

ஈஸ்டர் முடிந்து வியாழக்கிழமை கூட்டம்.
குழந்தைகளின் நாற்காலியில் முழங்கால் மோவாயில் இடிக்க
உட்கார்ந்திருந்தோம்.
டென்ஸில் படகிலிருந்து நேரே வந்திருந்தான்,
மணிக்கட்டில் மீன்செதில் மினுங்க.
“வலை இழுக்க ஆள் பிடித்தால்கூட
ஒரு பருவம் நிற்பானே” என்றான்.
கெரென்ஸா எழுதிக்கொண்டு வந்ததை வாசித்தாள்:
தன் மகள் இப்போதெல்லாம் பெயர் கேட்பதில்லையாம்.
யார் வந்தாலும் மிஸ்.
அடெயெமியையும் ஒருநாள் மிஸ் என்றிருக்கிறாள்.
சிரித்தோம். சிரிப்பு பாதியிலேயே வற்றிவிட்டது.

தலைமையாசிரியை திருமதி ட்ரஜன்
கையில் இருந்த தாளைப் பார்க்கவேயில்லை.
மூன்று தடவை விளம்பரம்.
ஒரே ஒரு விண்ணப்பம்.
“நேர்காணல் நன்றாக நடந்தது.
மத்தியானம் வாடகைக்கு வீடு பார்க்கப் போனார்.
சாயங்காலம் மன்னிப்புக் கேட்டு ஃபோன் வந்தது.”

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.
நான் பேசவில்லை.
கோட்டுப் பையில் சாவிவளையம் தொடையை அழுத்திக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை பத்திலிருந்து நாலு வரை என் வேலை.
லண்டன்காரர்கள் போவதற்கும் லண்டன்காரர்கள் வருவதற்கும் நடுவே
துறைமுகத்தெருவில் ஒன்பது வீடு.
விரிப்பு மாற்று, தலைமுடி பொறுக்கு,
மேசையில் ஒரு பால், ஒரு பிஸ்கட் பொட்டலம்.
கதவில் ‘மாலுமியின் இளைப்பாறல்’ என்று பலகை.
எந்த மாலுமியும் அங்கே இளைப்பாறிப் பார்த்ததில்லை.

குளிர்காலத்தில் மட்டும் மலிவாக விடுவார்கள்.
மிஸ் ரட்ஜ் அதில்தான் இருந்தாள்.
புனித வெள்ளிக்கு முன் காலி செய்யவேண்டும், ஒப்பந்தம்.
அவள் கோப்பை வைத்த வளையத்தை
மேசையிலிருந்து தேய்த்து எடுத்தவள் நான்.
மெத்தையைத் தூக்கினேன்,
அடியில் ஒரு தாள்.
முப்பத்தொரு பெயர், பெயருக்கு ஒரு வரி, பழுப்பு மை.

எல்ஸ்பெத்: பசி. கேட்க மாட்டாள். பிஸ்கட்டை மேசையில் ‘மறந்து’ வை.
பெரின்: அப்பா கடலில் இருக்கும் வாரங்களில் சத்தம் போடுவான்.
ஜோரி: திட்டினால் மூடிக்கொள்வான். காலையில் எழுத்து திரும்புவதில்லை,
மத்தியானம்தான். களைப்பு. முட்டாள் இல்லை, அவனிடம் சொல்.

அடுத்து வருபவருக்காக எழுதியிருப்பாள்.
மூட்டை கட்டும் அவசரத்தில் விட்டுப் போயிருப்பாள்.
ஆறு மாதத்துப் பிள்ளையறிவு என்று நினைத்தேன்,
எண்ணிப் பார்த்தால் பதினோரு வாரம்.

விருந்தினர் விட்டுச்சென்ற காகிதம் குப்பைக்குப் போகவேண்டும்.
அது என் விதிமுறை அட்டையில் மூன்றாவது.
நான்காக மடித்து மார்போடு செருகிக்கொண்டேன்.
அப்புறம் புது விரிப்பை விரித்தேன்,
சுருக்கமில்லாமல், ஓட்டல் மாதிரி.
அதற்குத்தான் கூலி.

திங்கட்கிழமை வாசலில் ஐந்தாமவர்.
இருபத்துமூன்று இருக்கும், புதுச் செருப்பு கடித்து
குதிகாலில் பிளாஸ்திரி.
“மிஸ்” என்றான் ஜோரி, ஏறிட்டும் பார்க்காமல் உள்ளே போனான்.

தாளை நீட்டினேன்.
நின்றவாக்கில் படித்தாள். மறுபடி படித்தாள்.
மணி அடித்துவிட்டது.
“இதை எழுதியவர் எங்கே?” என்றாள்.
பிளிமத்தில், அக்கா வீட்டு சோபாவில் என்று கேள்வி. சொல்லவில்லை.

அவள்தான் குரலைத் தணித்துக்கொண்டாள்:
“இங்கே எங்கேயாவது ஒரு அறை தெரியுமா?
ஜூலை வரைக்குமாவது?
இப்போதைக்கு தினமும் இரண்டு பஸ்.”

பையில் கை விட்டேன். ஒன்பது சாவி.
கை வெளியே வர நேரமாயிற்று.